கப்பல் கிளம்பும் முன் மைத்ரியில் முடிக்க வேண்டிய வேலைகள்

அண்டார்க்டிகாவில் இந்தியாவின் ஆய்வு நிலையமான நம் மைத்ரியில் ஒரு குளிர்காலம் முழுக்க ஜெனரேட்டர் மெக்கானிக்காக இருந்தேன். அடுத்து போகும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். கோடை முடிந்து கப்பல் கிளம்பிவிட்டால், நவம்பர் வாக்கில் கேப் டவுனிலிருந்து விமானம் வரும்வரை ஒரு போல்ட்கூட வராது. அதனால் உடையக்கூடியது எதுவாக இருந்தாலும் கப்பல் இருக்கும்போதே உடையட்டும்.

முதலில் தண்ணீர். பிரியதர்ஷினி ஏரி மேலே உறைந்தாலும் அடியில் தண்ணீர் இருக்கும். சிக்கல் ஏரியில் இல்லை, அங்கிருந்து நிலையத்துக்கு வரும் குழாயில். சூடேற்றும் கம்பியும் மேலுறையும் இருந்தாலும், கரண்ட் போனால் உள்ளே நிற்கும் தண்ணீர் உறைந்து குழாயைப் பிளந்துவிடும். ஆகவே பிப்ரவரியிலேயே குழாய் நெடுக நடந்து ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பாருங்கள். தொய்ந்த இடத்தில் கல்லை அண்டைகொடுத்துத் தூக்குங்கள். திறந்துவிட்டால் தண்ணீர் தானாக ஓடி வடிய வேண்டும். வடிகால் வால்வில் சிவப்புத் துணி கட்டி, சமையல்காரர், டாக்டர் உட்பட எல்லோரையும் ஒருமுறை திறந்து மூடச் சொல்லுங்கள். இருட்டில், கையுறையோடு.

அப்புறம் எரிபொருள். சாதாரண டீசல் அந்தக் குளிரில் மெழுகாகக் கெட்டிப்படும். விமானத்துக்கு ஊற்றும் ஜெட் ஏ-1 மைனஸ் 47 டிகிரி வரை உறையாது. ஆனால் அதில் வழவழப்பு குறைவு. இன்ஜினுக்குள் எரிபொருளைப் பாய்ச்சும் இன்ஜெக்டர் பம்ப் சீக்கிரம் தேயும். உபரி பம்ப் இருக்கிறதா என்று பட்டியலைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள், பெட்டியைத் திறந்து பாருங்கள். எரிபொருள் உறையாவிட்டாலும் டேங்கின் அடியில் சேரும் தண்ணீர் உறைந்து ஃபில்டரை அடைக்கும். எனவே அடித் தண்ணீரை வடித்துவிட்டு, டேங்கை நிரப்பியே வையுங்கள். காலி இடம் குறைந்தால் உள்ளே வியர்க்கும் ஈரமும் குறையும். வண்டி பேட்டரிகளை உள்ளே கொண்டுவந்து முழுதாகச் சார்ஜ் ஏற்றுங்கள். சார்ஜ் இறங்கிய பேட்டரியில் அமிலம் உறைந்து ஓடு வெடித்துவிடும்.

வெளியே சாமான் வைக்கும்போது காற்றை நினையுங்கள். அங்கே பனிப்புயல் பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து வரும். காற்று எங்கே தணிகிறதோ அங்கேதான் பனி குவியும், அதாவது கட்டடத்துக்கும் கண்டெய்னருக்கும் பின்னால். மறைவான இடம்தானே என்று, இன்ஜின் இணைப்புகளில் கசிவை அடைக்கும் கேஸ்கட்கள் இருந்த பெட்டி ஒன்றை அப்படி ஒரு கண்டெய்னருக்குப் பின்னால் வைத்தேன். முதல் புயலுக்கே மூடிக்கொண்டது; தோண்டி எடுக்க இரண்டு நாள் ஆனது. எனக்காக நான்கு பேர் அந்தக் குளிரில் மண்வெட்டி பிடித்தார்கள். காற்றுக்குக் குறுக்காக, மேடான இடத்தில், ஒரே வரிசையாக அடுக்குங்கள். இரு முனையிலும் ஆளைவிட உயரமாக மூங்கில் நட்டுக் கொடி கட்டுங்கள்.

நிலையத்திலிருந்து ஜெனரேட்டர் அறை, பம்ப் அறை, கிடங்கு எல்லாவற்றுக்கும் இடுப்பு உயரத்தில் கயிறு கட்டுங்கள். மே கடைசியிலிருந்து ஜூலை கடைசி வரை ஏறக்குறைய இரண்டு மாதம் சூரியன் எழாது. அந்த இருட்டில் புயலும் சேர்ந்தால் பத்தடி தூரத்தில் இருக்கும் கதவுகூடத் தெரியாது.

எனக்கு அதிகப் பயம் குளிரைவிட நெருப்பிடம்தான். காற்றில் ஈரமே இல்லாததால் மரம், துணி எல்லாம் காய்ந்து கிடக்கும்; அணைக்கத் தண்ணீரும் சுலபத்தில் கிடைக்காது. பவுடர் தீயணைப்பான்களை எடைபோட்டுப் பாருங்கள். எரிபொருள் ஊற்றும் முன் வெறும் இரும்பைத் தொட்டு உடம்பில் ஏறிய மின்சாரத்தை இறக்குங்கள். முக்கியமாக, பிரதான கட்டடத்திலிருந்து தள்ளி ஒரு குடிலில் எல்லோருக்கும் தூங்கும் பை, அடுப்பு, சாப்பாடு, மருந்து, ரேடியோ வைத்து, அங்கே ஒரு ராத்திரி தங்கியும் பாருங்கள். சில கிலோமீட்டரில் ரஷ்யர்களின் நோவோலாசரெவ்ஸ்கயா நிலையம் இருக்கிறது, நல்ல மனிதர்கள். ஆனால் புயல் நாளில் அந்தத் தூரத்தைக் கடக்க முடியாது.

கடைசியாக, கப்பல் பனி விளிம்பில் நிற்கும்போதே, நிலையத் தலைவர் அனுமதியோடு, வேறு யாரிடமும் சொல்லாமல், ஒரு ராத்திரி ஓடும் ஜெனரேட்டரை நிறுத்துங்கள். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மாற்று ஜெனரேட்டர் எத்தனை நிமிடத்தில் பிடிக்கிறது, சிவப்புத் துணி கட்டிய வால்வுக்கு யார் முதலில் ஓடுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அன்று ஒரு ஸ்டார்ட்டர் மோட்டார் எழவில்லை. மறுநாளே கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் வேறு மோட்டார் வந்தது.