மீக்கடத்து மென்படலத்தின் மின்தடையை அளப்பது எப்படி: தொடக்கநிலையாளருக்கான செய்முறை

ஒரு மீக்கடத்தியை அதன் மாறுநிலை வெப்பநிலைக்குக் கீழே குளிர்வித்தால் அதன் மின்தடை மறைந்துவிடும் என்று பள்ளியிலேயே படிக்கிறோம். பாடநூல் வரைபடத்தில் அது செங்குத்தாக விழும் ஒரு கோடு. ஆனால், சில நானோமீட்டர் தடிமனே உள்ள ஒரு மென்படலத்தை நாமே அளந்து பார்த்தால் கோடு அப்படி விழுவதில்லை. விழுவதற்கு முன்பே வளையத் தொடங்குகிறது, விழுந்த பிறகும் ஒரு வால் நீள்கிறது. அந்த வளைவும் வாலும் படலத்தின் இயல்பால் வந்தவையா, நம் இணைப்புகளாலும் கருவியாலும் வந்தவையா என்று பிரித்துச் சொல்லத் தெரிவதே இந்த அளவீட்டில் கற்க வேண்டிய முதன்மையான திறன் என்று நான் கருதுகிறேன். ஆகவே, சரிபார்ப்புகளுக்கு இங்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

எடுத்துக்காட்டாக நியோபியம் நைட்ரைடு படலத்தை வைத்துக்கொள்வோம். தடித்த நிலையில் இது ஏறத்தாழ 16 கெல்வினில் மீக்கடத்தியாகிறது. 5 நானோமீட்டர் அளவுக்கு மெலிந்தால் அந்த வெப்பநிலை 10 கெல்வினை ஒட்டி இறங்கிவிடுகிறது. இரண்டுமே திரவ ஹீலியத்தின் கொதிநிலையான 4.2 கெல்வினுக்கு மேலே இருப்பது தொடக்கநிலையாளருக்கு வசதி. ஒற்றை ஃபோட்டானை உணரும் நானோகம்பி உணரிகளும் இதே பொருளிலிருந்து செய்யப்படுவதால், இங்கே பழகுவது பின்னாளில் பயன்படும். ஹீலியம் கிடைக்காதவர்கள் 92 கெல்வின் அளவில் மீக்கடத்தியாகும் இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு படலத்தை எடுத்துக்கொண்டு, 77 கெல்வினில் கொதிக்கும் திரவ நைட்ரஜனைக் கொண்டே முதல் ஐந்து படிகளைச் செய்து பார்க்கலாம்.

படி 1: எவ்வளவு தடை வரும் என்று முன்கூட்டியே கணக்கிடுங்கள்

மென்படலங்களைப் பொறுத்தவரை மின்தடை எண்ணைவிட, அதைத் தடிமனால் வகுத்துக் கிடைக்கும் படலத் தடையே பயனுள்ள அளவு. ஆய்வகத்தில் இதை ஷீட் ரெசிஸ்டன்ஸ் என்பார்கள். படலத்திலிருந்து வெட்டிய எந்தச் சதுரத்துக்கும், அது பெரிதானாலும் சிறிதானாலும், எதிரெதிர் விளிம்புகளுக்கிடையே இருக்கும் தடை இதுவே. மின்தடை எண் 200 மைக்ரோ ஓம் சென்டிமீட்டர், தடிமன் 20 நானோமீட்டர் என்றால் படலத் தடை 100 ஓம். 100 மைக்ரோமீட்டர் அகலமும், மின்னழுத்த முனைகளுக்கிடையே 1 மில்லிமீட்டர் நீளமும் உள்ள பட்டையாக அதைச் செதுக்கினால், வரிசையாக 10 சதுரங்கள். எதிர்பார்க்க வேண்டிய தடை 1000 ஓம். அளவீட்டில் வரும் எண் இதிலிருந்து வெகுவாக விலகினால் குளிர்விப்பதற்கு முன்பே காரணத்தைத் தேடுங்கள்.

படி 2: நான்கு முனைகளை அமையுங்கள்

மல்டிமீட்டரின் இரு முனைகளை நேராக வைத்து அளந்தால், கம்பிகளின் தடையும் தொடுமுனைகளின் தடையும் படலத்தின் தடையோடு சேர்ந்தே வரும். அறை வெப்பநிலையில் அது பெரிதாகத் தெரியாது. படலத்தின் தடை மறையும்போது எஞ்சி நிற்பது முழுக்க அதுவே. எனவே, வெளிப்புற முனைகள் இரண்டின் வழியாக மின்னோட்டத்தைச் செலுத்தி, உட்புற முனைகள் இரண்டில் மின்னழுத்தத்தை அளக்கிறோம். மின்னழுத்த முனைகளில் மின்னோட்டம் அநேகமாக ஓடுவதில்லை என்பதால் அவற்றின் தடை கணக்கில் வராது. இண்டியத்தை அழுத்தி ஒட்டுவதோ சில்வர் பேஸ்ட் வைப்பதோ போதும். இண்டியம் 3.4 கெல்வினில் தானே மீக்கடத்தியாகிவிடும் என்றாலும், நான்கு முனை அளவீட்டில் அது குழப்பம் தராது.

பட்டையாகச் செதுக்காத படலத்தில் முனைகளை நான்கு மூலைகளில் வைத்து, 1958இல் வான் டெர் பாவ் தந்த முறைப்படி கணக்கிடலாம். சமச்சீரான மாதிரிக்கு, அளந்த தடையை 4.53ஆல் பெருக்கினால் படலத் தடை கிடைக்கும். ஆனால் மாறுநிலையை அளக்க இந்த அமைப்பை நான் பரிந்துரைப்பதில்லை. படலத்தின் ஒரு பகுதி மற்றொன்றுக்கு முன்னே மீக்கடத்தியானால் மின்னோட்டம் பாதை மாறி ஓடும். அப்போது தடை விழுவதற்குச் சற்று முன் வரைபடத்தில் ஒரு மேடு எழும். அதைப் புதிய இயற்பியல் என்று எண்ணி மயங்குவது எளிது. குறுகிய பட்டையில் இந்த ஆபத்து மிகக் குறைவு.

படி 3: கம்பிகளும் வெப்பமானியும்

கிரையோஸ்டாட்டின் (மாதிரியைக் குளிர்நிலையில் வைத்திருக்கும் கலம்) உச்சியிலிருந்து மாதிரி வரை செப்புக் கம்பியை இழுத்தால் அதன் வழியே வெப்பமும் இறங்கிவிடும். பாஸ்பர் பிரான்ஸ் அல்லது மாங்கனின் கம்பிகளை இணை இணையாக முறுக்கி, மாதிரிக்கு வருமுன் குளிர்ந்த செப்புத் தண்டில் சில சுற்றுகள் சுற்றி ஒட்டுங்கள். வெப்பமானி, மாதிரி ஒட்டியிருக்கும் அதே செப்புத் தகட்டில், முடிந்தவரை அருகில் இருக்க வேண்டும்.

படி 4: குளிர்விக்கும் முன் சோதனை

இந்தப் படியைத் தாண்டிச் செல்லாதீர்கள். மின்னோட்டக் கம்பி ஒன்று அறுந்தால் படலத்தில் மின்னோட்டமே ஓடாது, மின்னழுத்தம் பூஜ்ஜியமாகும், திரையில் அது அசல் மீக்கடத்தியைப் போலவே தோன்றும். மின்னழுத்தக் கம்பிகள் இரண்டும் எங்காவது ஒன்றையொன்று தொட்டாலும் அதே காட்சிதான். ஆகவே, அறை வெப்பநிலையில் ஒவ்வொரு முனை இணைக்கும் இடையே உள்ள தடையைக் குறித்து வையுங்கள். பிறகு மின்னோட்ட முனைகளையும் மின்னழுத்த முனைகளையும் இடம் மாற்றி அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே தடையைத் தர வேண்டும். மின்னோட்டத்தை இருமடங்காக்கினால் மின்னழுத்தமும் இருமடங்காக வேண்டும். அளவீடு முடியும் வரை, மின்னோட்ட மூலத்தின் மின்னழுத்த வரம்பு எட்டப்பட்டதாக எச்சரிக்கை வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.

மின்னோட்டம் எவ்வளவு? மேற்சொன்ன பட்டைக்கு 1 மைக்ரோ ஆம்பியர் போதும்: 1 மில்லிவோல்ட் கிடைக்கும், வெளிப்படும் வெப்பம் 1 நானோவாட் மட்டுமே. அதையே 1 மில்லி ஆம்பியராக உயர்த்தினால் வெப்பம் பத்து இலட்சம் மடங்காகி 1 மில்லிவாட் ஆகிவிடும். வெப்பமானி ஒரு வெப்பநிலையைக் காட்ட, படலம் வேறொன்றில் இருக்கும்.

படி 5: மெதுவாகக் குளிர்வியுங்கள்

அறையிலிருந்து ஹீலியம் வரை இறங்கும் கம்பிகளில் வெப்பநிலை வேறுபாட்டாலேயே மைக்ரோவோல்ட் அளவில் ஒரு மின்னழுத்தம் பிறக்கிறது. ஒவ்வொரு புள்ளியிலும் மின்னோட்டத்தை ஒருமுறை நேராகவும் ஒருமுறை எதிராகவும் செலுத்தி, இரு மின்னழுத்தங்களின் வேறுபாட்டைப் பாதியாக்கினால் அது நீங்கிவிடும். லாக்-இன் பெருக்கி (குறிப்பிட்ட அதிர்வெண்ணில் வரும் சைகையை மட்டும் பிரித்தெடுத்து அளக்கும் கருவி) இருந்தால், குறைந்த அதிர்வெண்ணுள்ள மாறுதிசை மின்னோட்டத்தில் இந்த வேலை தானாக நடக்கும்.

மாறுநிலையை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, குளிரும்போதும் சூடேறும்போதும் அளந்து, இரு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். அவை பொருந்தவில்லையென்றால் வெப்பமானி மாதிரிக்குப் பின்தங்குகிறது என்று பொருள். வேகத்தை இன்னும் குறையுங்கள். நியோபியம் நைட்ரைடில் குளிரக் குளிரத் தடை சற்றே ஏறினால் பதற வேண்டாம். ஒழுங்கற்ற அணு அமைப்புள்ள படலங்களில் அது வழக்கமானது.

ஒரு வார்த்தை பாதுகாப்பு பற்றி: திரவ நைட்ரஜன் ஆவியானால் ஏறத்தாழ 700 மடங்கு விரியும். மூடிய கலத்தில் அதை அடைக்காதீர்கள், காற்றோட்டமில்லாத அறையில் கையாளாதீர்கள்.

படி 6: பூஜ்ஜியத்தை எப்படி எழுதுவது

1911 ஏப்ரல் 8 அன்று லெய்டனில் பாதரசத்தின் தடை மறைந்ததைக் கண்ட காமர்லிங் ஓனஸ், தம் குறிப்பேட்டில் அது ஏறத்தாழ பூஜ்ஜியம் என்றே எழுதினார். நாமும் அந்த எச்சரிக்கையோடு எழுத வேண்டும். நம் மின்னழுத்த இரைச்சல் 10 நானோவோல்ட், மின்னோட்டம் 1 மைக்ரோ ஆம்பியர் என்றால், தடை 10 மில்லி ஓமுக்கும் குறைவு என்பது வரைதான் நாம் அறிந்தது. முழுத் தடையின் பாதிக்கு விழும் வெப்பநிலையை மாறுநிலை வெப்பநிலையாகவும், 90 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்துக்கு விழும் இடைவெளியை அகலமாகவும் குறிப்பது பொதுவான வழக்கம். எந்த வரையறையைப் பயன்படுத்தினீர்கள் என்பதை வரைபடத்தின் கீழே எழுதிவிடுங்கள்.

படி 7: விழுவதற்கு முந்தைய வளைவை வாசியுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மீக்கடத்தலுக்குக் காரணமான எலக்ட்ரான் சோடிகளைக் கூப்பர் இணைகள் என்கிறோம். மாறுநிலைக்கு மேலேயே அவை நொடிப்பொழுது தோன்றி மறைகின்றன. அந்தக் குறுகிய வாழ்விலும் அவை மின்னோட்டத்தைச் சுமக்கின்றன. மென்படலத்தில் இதனால் ஒரு சதுரத்துக்குக் கூடும் கடத்துத்திறன் எவ்வளவு என்று அஸ்லமாசோவும் லார்கினும் 1968இல் கணக்கிட்டனர். மாறுநிலை வெப்பநிலையை, அதற்கு மேல் நாம் இருக்கும் தொலைவால் வகுத்து, 0.0000152ஆல் பெருக்கினால் அது சீமென்ஸ் அலகில் கிடைக்கிறது. வியப்பு என்னவென்றால், அந்த எண் எந்தப் பொருளையும் சார்ந்ததல்ல. எலக்ட்ரானின் மின்னூட்டமும் பிளாங்க் மாறிலியும் மட்டுமே அதில் உள்ளன.

இதை நம் படலத்தில் பொருத்திப் பாருங்கள். மாறுநிலை 12 கெல்வின், நாம் இருப்பது 12.12 கெல்வின் என்று கொள்வோம். கூடும் கடத்துத்திறன் 0.00152 சீமென்ஸ். 100 ஓம் படலத்தின் இயல்பான கடத்துத்திறன் 0.01 சீமென்ஸ்; எனவே தடை 87 ஓமாக இறங்கியிருக்கும். அதே இடத்தில் 1000 ஓம் படலத்தின் இயல்பான கடத்துத்திறன் 0.001 மட்டுமே, அதன் தடை 400 ஓமுக்கு வந்துவிட்டிருக்கும். மெல்லிய படலத்தின் வளைவு ஏன் அவ்வளவு அகலமாக இருக்கிறது என்பதற்கு இதுவே விடை. உங்கள் வளைவு இந்தக் கணக்கோடு பொருந்தினால் அது படலத்தின் இயல்பு. கணக்கைவிட மிக அகலமாக இருந்தால், தடிமனோ வேதியியல் கலவையோ இடத்துக்கு இடம் மாறுகிறதா என்று முதலில் ஐயப்படுங்கள்.

படி 8: வாலை வாசியுங்கள்

மென்படலத்தில் மீக்கடத்து மின்னோட்டம் சுற்றிச் சுழலும் சிறு சுழல்களும், எதிர்த்திசையில் சுழலும் எதிர்ச்சுழல்களும் இணைகளாகப் பிணைந்திருக்கும். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்கு மேல் அவை பிரிந்து நகரத் தொடங்குகின்றன, அந்த நகர்வு தடையைத் தருகிறது. இது, 2016இல் நோபல் பரிசு பெற்ற காஸ்டர்லிட்ஸ், தவுலஸ் இருவரும் 1973இல் விளக்கிய மாற்றம். சோதிக்க, நிலையான வெப்பநிலையில் மின்னோட்டத்தை மாற்றி மின்னழுத்தத்தை அளந்து, இரு அச்சுகளும் மடக்கை அளவில் இருக்கும்படி வரையுங்கள். குளிரக் குளிர, சாய்வு 1இலிருந்து 3க்குத் தாவும் இடமே அந்த மாற்றம்.

படி 9: மேலும் மெலிந்தால்

வெவ்வேறு தடிமனுள்ள படலங்களை ஒரே வரைபடத்தில் வையுங்கள். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஹேவிலண்ட், லியு, கோல்ட்மன் ஆகியோர் 1989இல் பிஸ்மத் படலங்களில் இதைச் செய்தபோது, தடித்தவை மீக்கடத்திகளாகவும் மிக மெல்லியவை குளிரும்போது காப்பான்களாகவும் பிரிந்தன. பிரியும் எல்லை, சதுரத்துக்கு 6.45 கிலோ ஓமை ஒட்டி இருந்தது. எல்லாப் பொருள்களிலும் எல்லை அதே எண்ணில் அமைவதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

நானோகம்பியில் நிலைமை இன்னும் கடுமை. கம்பியின் அகலம் கூப்பர் இணையின் நீள அளவுக்கு ஒப்பாகக் குறுகும்போது, மீக்கடத்து அலையின் கட்டம் அவ்வப்போது ஒரு முழுச் சுற்று நழுவுகிறது. ஒவ்வொரு நழுவலும் சிறிது மின்னழுத்தத்தைத் தருகிறது. 1 மைக்ரோவோல்ட் என்பது நொடிக்கு ஏறத்தாழ 48 கோடி நழுவல்கள். எனவே தடை அடுக்குக்குறி முறையில் குறையுமே தவிர, திடீரென மறையாது. ஆனால் அறையிலிருந்து கம்பி வழியே இறங்கும் ரேடியோ அலை இரைச்சலும் இதே போன்ற வாலை உண்டாக்கும். ஆகவே, எல்லாக் கம்பிகளிலும், முடிந்தால் குளிர்ந்த முனையிலேயே, வடிகட்டிகளைப் பொருத்தி மீண்டும் அளவிடுங்கள். வால் சுருங்கினால் அதுவரை அளந்ததில் இரைச்சலும் கலந்திருந்தது. மேலும் வடிகட்டிகளைச் சேர்த்தும், மின்னோட்டத்தைப் பாதியாக்கியும் அது மாறாமல் நின்ற பிறகே கட்ட நழுவல் கோட்பாட்டோடு ஒப்பிடத் தொடங்குங்கள்.