குரூப் 4 கணக்குப் பகுதி: 25 கேள்விகளுக்கு நான் தயாரான விதம்

2022 ஜூலை 24 அன்று நடந்த தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (டி.என்.பி.எஸ்.சி) குரூப் 4 தேர்வை எழுதினேன், வேலை கிடைக்கவில்லை. 2024 ஜூன் 9 அன்று மறுபடி எழுதினேன், கிடைத்தது. இப்போது இளநிலை உதவியாளராக இருக்கிறேன். இரண்டு தேர்வுக்கும் நடுவில் என் தமிழும் பொது அறிவும் பெரிதாக மாறிவிடவில்லை. மாறியது திறனறிவும் மனக்கணக்கும், அதாவது 25 கேள்விகள் கொண்ட கணக்குப் பகுதிதான். முதல் முறை 25-க்கு 13, இரண்டாம் முறை 23. ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண் வீதம் 15 மதிப்பெண் கூடியது. 2022-இல் 18 லட்சம் பேருக்கு மேல் எழுதினோம். அவ்வளவு பெரிய வரிசையில் 15 மதிப்பெண் ஒருவரை எவ்வளவு முன்னால் கொண்டுபோய் நிறுத்தும் என்று நினைத்துப் பாருங்கள்.

விண்ணப்பம், வயது வரம்பு, ஒருமுறைப் பதிவு எல்லாம் அறிவிக்கையிலேயே தெளிவாக இருக்கின்றன. அதனால் நேராகக் கணக்குக்கு வருகிறேன்.

முதல் வேலை: புத்தகத்தைக் குறைப்பது

முதல் முறை என் மேசையில் நான்கு கைடுகள் இருந்தன. எதையும் முடிக்கவில்லை. இரண்டாம் முறை ஆறிலிருந்து பத்தாம் வகுப்பு வரையுள்ள சமச்சீர் கணக்குப் புத்தகங்கள், தேர்வாணைய இணையதளத்தில் விடைக்குறிப்போடு கிடைக்கும் பழைய வினாத்தாள்கள், இரண்டு குயர் நோட்டு ஒன்று, அவ்வளவுதான். ஷார்ட்கட் வீடியோக்களை ஆரம்பத்தில் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கணக்கு ஏன் அப்படி வருகிறது என்று தெரியாமல் மனப்பாடம் செய்த சூத்திரம், கேள்வியை லேசாகத் திருப்பிக் கேட்டாலே கைவிட்டுவிடும்.

வகுப்புக்குப் போக வசதியில்லாதவர்கள் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இயங்கும் தன்னார்வப் பயிலும் வட்டத்தை விசாரியுங்கள். பயிற்சி இலவசம். உடன் படிக்க நான்கு பேர் கிடைப்பதே பெரிய பலம்.

இரண்டாவது: விழுக்காட்டிலிருந்து தொடங்குங்கள்

பாடத்திட்ட வரிசையில் சுருக்குதல் முதலில் வரும். நான் விழுக்காட்டை முதலில் எடுக்கச் சொல்வேன். தனிவட்டி, கூட்டுவட்டி இரண்டும் அதன் மேல்தான் நிற்கின்றன, விகிதக் கணக்குகளும் அதனால் எளிதாகும். எட்டில் ஒரு பங்கு 12.5 விழுக்காடு, ஐந்தில் ஒரு பங்கு 20 என்று பின்னங்கள் நாவில் இருக்க வேண்டும். 30 வரை வர்க்கம், 15 வரை கனம் இரண்டையும் வாய்ப்பாடு போலச் சொல்லிப் பழகுங்கள். எண் வரிசைக் கேள்விகளில் பாதி அதிலேயே விழுந்துவிடும்.

வட்டியில் திரும்பத் திரும்ப வருவது, இரண்டு ஆண்டுக்கான கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் உள்ள வித்தியாசம். 8,000 ரூபாய்க்கு 5 விழுக்காடு என்று வையுங்கள். முதல் ஆண்டு வட்டி 400. இரண்டாம் ஆண்டு அந்த 400-க்கும் 5 விழுக்காடு வட்டி சேரும். அது 20 ரூபாய். வித்தியாசம் அந்த 20 மட்டும்தான். வட்டிக்கு வட்டி என்பது இதுதான் என்று புரிந்த பிறகு சூத்திரத்தைப் படித்தால் மறக்காது.

மூன்றாவது: காலமும் வேலையும்

என்னை அதிகம் தடுமாற வைத்தது இந்தத் தலைப்பு. பள்ளியில் ஒரு நாள் வேலை பத்தில் ஒன்று, பதினைந்தில் ஒன்று என்று பின்னமாகப் போட்டுத்தான் பழக்கம். தேர்வு அறையில் பதற்றத்தோடு பின்னத்தைக் கூட்டினால் ஒரு கணக்குக்கு நான்கு நிமிடம் போய்விடுகிறது.

இப்போது நான் போடும் முறை இது. ஒருவர் 10 நாளில் முடிக்கிறார், இன்னொருவர் 15 நாளில். 10, 15 இரண்டின் மீச்சிறு பொது மடங்கு 30. மொத்த வேலையே 30 செங்கல் அடுக்குவது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாமவர் நாளுக்கு 3 செங்கல், இரண்டாமவர் 2. சேர்ந்தால் 5. ஆக, 6 நாள். பின்னமே இல்லை.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. இருவரும் 2 நாள் சேர்ந்து வேலை செய்த பின் முதலாமவர் போய்விடுகிறார். அதற்குள் 10 செங்கல் முடிந்திருக்கும், மீதி 20. இரண்டாமவருக்கு இன்னும் 10 நாள் வேண்டும். மீதி வேலை எத்தனை நாளில் முடியும் என்று கேட்டால் விடை 10. மொத்த வேலை எத்தனை நாளில் முடிந்தது என்று கேட்டால் 12. விடைகளில் 10, 12 இரண்டுமே இருக்கும். நான் 2022-இல் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு 10-ஐ நிரப்பி வந்தேன். அதற்குப் பிறகு, கேள்வியின் கடைசி வரியை முதலில் படிப்பது என் பழக்கமாகிவிட்டது.

நான்காவது: பகடை

சாதாரணப் பகடையில் எதிரெதிர் முகங்களின் கூட்டுத்தொகை 7. அந்த நினைப்போடு தேர்வுக்குப் போகாதீர்கள். கேள்வியில் வரும் பகடை அப்படி இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. முதல் படத்தில் 2, 3, 5 தெரிகிறது, இரண்டாம் படத்தில் 2, 3, 6 தெரிகிறது என்றால், பொதுவான 2, 3 இரண்டையும் நீக்குங்கள். மிஞ்சும் 5-ம் 6-ம் எதிர் முகங்கள். 7 கணக்கை நம்பியிருந்தால் 5-க்கு எதிரே 2 என்று எழுதியிருப்போம். ஆனால் அந்த இரண்டும் ஒரே படத்தில் பக்கத்தில் பக்கத்தில் தெரிகின்றன! என் அக்கா ஒரு சோப்பு டப்பாவில் எண்களை ஒட்டித் திருப்பித் திருப்பிக் காட்டிய பிறகுதான் எனக்கு இது பிடிபட்டது. நீங்களும் ஒரு தீப்பெட்டியில் ஒட்டிப் பாருங்கள்.

ஐந்தாவது: எழுதிப் பார்க்கும் இடம்

வீட்டில் ஒரு கணக்குக்கு அரைப் பக்கம் எடுத்துக்கொள்கிறோம். தேர்வு வினாத்தொகுப்பில் எங்கு வேண்டுமானாலும் கிறுக்க முடியாது. எழுதிப் பார்க்க என்று ஒதுக்கிய தாள் மட்டும்தான். சரியான விடைக்கு டிக் அடிக்கவும் கூடாது. ஆகவே கடைசி இரண்டு மாதம், 25 கணக்கையும் ஒரே தாளுக்குள் முடிக்கப் பழகினேன். இடம் சுருங்கச் சுருங்க மனக்கணக்கு தானாக வளர்ந்தது. அந்தத் தாளின் ஓரத்தில் ஒரு பட்டையை மடித்து விட்டு, அப்புறம் பார்க்க வேண்டிய கேள்வி எண்களை மட்டும் அதில் குறித்தேன்.

ஆறாவது: ஓ.எம்.ஆர் தாள்

வட்டம் நிரப்பி விடையைக் குறிக்கும் தாள்தான் ஓ.எம்.ஆர். இதற்கு ஒரு படியா என்று கேட்காதீர்கள். 2022-இல் 146-ஆவது கேள்வியை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டேன். 147-இன் விடையை 146-இன் வரிசையில் நிரப்பினேன். 163 வரை வந்த பிறகுதான் கண்ணில் பட்டது. கை நடுங்கிவிட்டது. கறுப்பு மையை அழிக்க முடியாது, இரண்டு வட்டம் நிரப்பினால் அந்த விடை செல்லாது. அந்தப் பதற்றத்தோடுதான் மீதிக் கணக்குகளைப் போட்டேன். தெரிந்த கணக்குகளும் தப்பின.

ஒரு வட்டம் நிரப்ப 6 விநாடி என்றால் மொத்தம் 200 கேள்விக்கு 20 நிமிடம். மூன்று மணி நேரத்தில் இது சின்னத் துண்டு அல்ல. கடைசியில் மொத்தமாக நிரப்பலாம் என்று வைத்தால் நிச்சயம் இடறும். தேர்வாணையத் தளத்திலுள்ள மாதிரி ஓ.எம்.ஆர் தாளை இருபது பிரதி ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாதிரித் தேர்வையும் அதில்தான் எழுத வேண்டும். விடை கண்டவுடன் நிரப்புங்கள். நிரப்பும் முன் கேள்வி எண்ணை உதட்டுக்குள் ஒருமுறை சொல்லுங்கள். ஜெல் பேனா வேண்டாம், கறுப்பு பால்பாயிண்ட் போதும். கொஞ்சம் எழுதிப் பழகிய பேனாவாக இரண்டு கொண்டுபோங்கள்.

தெரியாத கேள்விக்கு? தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. வட்டத்தை வெறுமையாக விடக்கூடாது என்பதற்காகத்தான் விடை தெரியவில்லை என்ற ஐந்தாவது வட்டம் வைத்திருக்கிறார்கள். நான் அதை ஒருமுறைகூட நிரப்பவில்லை. இரண்டு விடைகளை நீக்க முடிந்தாலே மீதியில் ஒன்றை நிரப்பிவிடுவேன்.

என் நேரக் கணக்கு: தமிழ் 100 கேள்விக்கு 55 நிமிடம், கணக்குக்கு 50, பொது அறிவு 75-க்கு 50, மீதி 25 நிமிடம் விட்டதைப் பார்க்க. கணக்கை நடுவில் வைத்ததற்குக் காரணம் உண்டு. தமிழ் முடியும்போது மனம் தெளிவாக இருக்கும், களைப்பு வந்திருக்காது. தமிழை முதலில் வைப்பதை மட்டும் மாற்ற வேண்டாம். அதில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் கணக்கில் 25-க்கு 25 போட்டிருந்தாலும் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள்.

பின்சேர்க்கை: பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, பன்னிரண்டு ஆண்டு கழித்துத் தொடங்கும் ஒரு சகோதரி, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று எழுதிக் கேட்டிருந்தார். ஆறாம் வகுப்புப் புத்தகம்தான், சகோதரி. வெட்கப்பட ஒன்றுமில்லை. தினம் ஒரு மணி நேரம் கொடுத்தால் இரண்டு வாரத்தில் கை பழைய வேகத்துக்குத் திரும்பும். வகுத்தலில் தடுமாற்றம் இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள், கால்குலேட்டரை அலமாரியில் வைத்துவிடுங்கள்.

இன்னொரு பின்சேர்க்கை: மூன்று பேர் ஒரே விஷயத்தைச் சொன்னதால் சேர்க்கிறேன். ஓ.எம்.ஆர் தாளின் அமைப்பும் விதிகளும் தேர்வுக்குத் தேர்வு மாறியிருக்கின்றன. நான் எழுதியது 2024-இல். உங்கள் ஹால் டிக்கெட்டோடு வரும் அறிவுரைகளை வரி விடாமல் படியுங்கள். காலை 9 மணிக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள் என்பதும் அதில் இருக்கும். முந்தின நாள் சாயங்காலமே போய் உங்கள் தேர்வு மையமான பள்ளியின் வாசலைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஒரே பெயரில் ஊருக்குள் இரண்டு பள்ளிகள் இருக்கலாம், பின்கோடையும் சேர்த்துச் சரிபாருங்கள்.