முன்னிருப்பு மதிப்பு எப்போது உருவாகிறது?

ஃபங்ஷனை அழைப்பவர் ஒரு மதிப்பைத் தராவிட்டால், அதற்குப் பதிலாக எடுத்துக்கொள்ளப்படுவதே முன்னிருப்பு மதிப்பு (default). பைத்தான் மொழியில் ‘கூடையில்_சேர்’ என்றொரு ஃபங்ஷனை எழுதி, முதல் பாராமீட்டராகப் பொருளையும், இரண்டாவதாக வெற்றுப் பட்டியலை முன்னிருப்பு மதிப்பாகக் கொண்ட கூடையையும் வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். ‘வெங்காயம்’ என்று மட்டும் கொடுத்து அழைத்தால், வெங்காயம் மட்டுமே உள்ள பட்டியல் திரும்பி வரும். அடுத்து ‘தக்காளி’ என்று மட்டும் கொடுத்து அழைத்தால், வெங்காயம், தக்காளி இரண்டுமே வந்து நிற்கும். அந்த வெற்றுப் பட்டியல், ஃபங்ஷனை வரையறுக்கும் டெஃப் (def) வரி இயங்கிய கணத்தில் ஒரே ஒருமுறை உருவாகி ஃபங்ஷனுடன் ஒட்டிக்கொள்கிறது. ஒவ்வோர் அழைப்புக்கும் புதிதாக உருவாவதில்லை. ஆகவே முன்னிருப்பாக, மதிப்பு ஏதுமில்லை என்று குறிக்கும் ‘நன்’ (None) என்பதை வைத்து, உள்ளே அதைச் சோதித்துப் புதிய பட்டியலை உருவாக்கிக்கொள்வதே முறை.

இதே தவறு வேறு வேடத்திலும் வரும். பதிவு நேரத்துக்கு முன்னிருப்பாக, தற்போதைய நேரத்தைத் தரும் ஃபங்ஷனின் அழைப்பையே எழுதிவிட்டால், அந்த நிரல் தொடங்கிய நேரமே எல்லாப் பதிவுகளிலும் ஏறும். பட்டியல் தவறு சோதனையில் சிக்கிவிடும். இது பல நாள் சிக்காமல் இருக்கும் என்பதால் இதையே நான் பெரிதாக அஞ்சுவேன்.

ஜாவாஸ்கிரிப்டில் 2015ஆம் ஆண்டின் தரநிலையோடு வந்த முன்னிருப்பு மதிப்புகள் ஒவ்வோர் அழைப்பின்போதும் புதிதாகவே கணக்கிடப்படுகின்றன. ஆனால் மதிப்பு தரப்படவில்லை என்று குறிக்கும் ‘அன்டிஃபைன்ட்’ (undefined) வந்தால்தான் முன்னிருப்பு வேலை செய்யும். வெறுமையைக் குறிக்கும் ‘நல்’ (null) வந்தால் அந்த நல்லே உள்ளே போகும். தரவைப் பரிமாறப் பயன்படும் வடிவமான ஜேசானில் (JSON) அன்டிஃபைன்ட் என்ற மதிப்பே கிடையாது என்பதால், சர்வரிலிருந்து வரும் வெற்றுப் புலங்கள் பெரும்பாலும் நல்லாகவே வந்து இந்தக் குழியில் விழுகின்றன.

சி ஷார்ப்பில் முன்னிருப்பு மதிப்பு, கம்பைல் செய்யும்போதே (நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும்போதே) அழைப்பவரின் குறிமுறையில் பதிந்துவிடுகிறது. பிற நிரல்கள் பயன்படுத்தும் நூலகத்தில் (library) 30 என்றிருந்ததை 60 ஆக்கி, நூலகக் கோப்பை மட்டும் மாற்றி வைத்தால், மறுபடி கம்பைல் செய்யப்படாத பழைய நிரல்கள் 30ஐயே அனுப்பிக்கொண்டிருக்கும்.

ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்புகளின் (ஆர்குமென்ட்களின்) எண்ணிக்கை அழைப்புக்கு அழைப்பு மாறும்போது கேள்வி வேறு: எத்தனை வந்தன, என்ன வகை என்பது யாருக்குத் தெரியும்? சி மொழியின் பிரின்ட்எஃப் ஃபங்ஷனுக்கு அது தெரியாது. எதை எப்படி அச்சிட வேண்டும் என்று குறிக்கும் வடிவச் சரம் (format string) சொல்வதை அப்படியே நம்புகிறது. பயனர் தட்டிய உரையையே வடிவச் சரமாகக் கொடுப்பது பாதுகாப்புத் துளையாக மாறுவது இதனால்தான். தவிர, இவ்வகை அழைப்பில் ஃப்ளோட் (float) என்ற தசம எண் வகை மதிப்பு, டபுள் (double) என்ற இன்னொரு தசம எண் வகையாக மாறியே செல்வதால், உள்ளே அதை ஃப்ளோட் என்று கேட்டு எடுப்பது பிழை.

பைத்தானில் பட்டியலைத் தனித்தனி ஆர்குமென்ட்களாகப் பிரிக்கும் நட்சத்திரக் குறியை மறந்து, மூன்று பொருள்கள் உள்ள பட்டியலைக் கொடுத்தால், மூன்று ஆர்குமென்ட்களுக்குப் பதிலாகப் பட்டியல் ஒன்றே போய்ச் சேரும். கோ மொழியில் முன்னிருப்பு மதிப்பே இல்லை. ஆனால் பட்டியல் போன்ற ஒரு ஸ்லைஸை (slice) மூன்று புள்ளிகளுடன் அனுப்பினால் அதற்கு நகல் எடுக்கப்படுவதில்லை என்பதால், ஃபங்ஷன் உள்ளே அதை வரிசைப்படுத்தினால் அழைத்தவரின் ஸ்லைஸும் சேர்ந்தே கலையும்.