கணினி அறிவியல் நேர்காணல்: பிரிட்டனுக்குப் புதிதாக வந்த குடும்பங்களுக்கு

இங்கே பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் கணினி அறிவியலுக்கு நேர்காணல் வைப்பதில்லை. மதிப்பெண்ணையும் விண்ணப்பத்தையும் பார்த்தே இடம் கொடுத்துவிடுவார்கள். நேர்காணல் என்றதும் நம் வீடுகளில் பேசப்படுவது ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும்தான். ஒரே ஆண்டில் இரண்டுக்கும் விண்ணப்பிக்க முடியாது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தேதிகளை முதலில் குறித்து வையுங்கள். இந்த இரண்டுக்கும் யூகாஸ் (பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பத் தளம்) வழியான விண்ணப்பம் அக்டோபர் 15 மாலை 6 மணிக்குள் போய்ச் சேர வேண்டும். ஆசிரியரின் பரிந்துரையும் அதோடு போக வேண்டியிருப்பதால் பள்ளி அதற்கும் முன்பே ஒரு கெடு வைக்கும். நுழைவுத் தேர்வுக்குத் தனியாகப் பதிய வேண்டும்; பலரும் தவறவிடுவது இதைத்தான். கேம்பிரிட்ஜ் கேட்பது டி.எம்.யூ.ஏ (TMUA) என்ற கணிதத் தேர்வு: இரண்டு தாள்கள், ஒவ்வொன்றிலும் 75 நிமிடத்தில் 20 கேள்விகள், கால்குலேட்டர் கிடையாது. ஊரில் கையால் கணக்குப் போட்டே வளர்ந்த பிள்ளைக்கு இது நல்ல செய்தி. ஆக்ஸ்போர்டுக்கு எந்தத் தேர்வு என்பதை உங்கள் ஆண்டுக்கான பாடப் பக்கத்தில் பாருங்கள். போன வருடம் சேர்ந்த அண்ணன் சொன்னதை நம்பி இருக்க வேண்டாம். பள்ளியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கவில்லையே என்று கவலைப்படவும் வேண்டாம். இரண்டு இடத்திலும் அது கட்டாயமில்லை, கணிதம்தான் முக்கியம். ஃபர்தர் மேத்ஸ் என்ற கூடுதல் கணிதப் பாடத்தை எடுக்க வாய்ப்பிருந்தால் எடுத்துவிடுங்கள்.

டிசம்பரில் நேர்காணல், பெரும்பாலும் ஆன்லைனில். அரை மணி நேரம் போல நடக்கும். ஒன்றுக்கு மேல் இருக்கலாம். "ஏன் இந்தக் கல்லூரி?" என்று கேட்டு நேரத்தைப் போக்க மாட்டார்கள். நேரே ஒரு கணக்கைத் தருவார்கள்.

எப்படிப்பட்ட கணக்கு? 64 பேர் ஆடும் கேரம் போட்டி, தோற்றவர் வெளியே. மொத்தம் எத்தனை ஆட்டம்? 32, 16, 8 என்று கூட்டிக்கொண்டே போகலாம். ஆட்டத்துக்கு ஒருவர் வெளியேறுகிறார், 63 பேர் வெளியேற வேண்டும், ஆகவே 63 என்றும் சொல்லலாம். உடனே அடுத்த கேள்வி வரும்: திறமைசாலிதான் எப்போதும் ஜெயிப்பார் என்று வைத்துக்கொண்டால், இரண்டாவது சிறந்தவர் யார்? இறுதி ஆட்டத்தில் தோற்றவர் என்று வாய் தவறி வந்துவிடும். அவர் பாதி அட்டவணையிலுள்ளவர்களைத்தான் வென்றிருக்கிறார். உண்மையான இரண்டாமவர் முதல் சுற்றிலேயே சாம்பியனிடம் மாட்டியிருக்கலாம். சாம்பியனிடம் தோற்றவர்கள் 6 பேர், அவர்களுக்குள் இன்னும் 5 ஆட்டம் வைத்தால் இரண்டாமவர் தெரிந்துவிடும், ஆக மொத்தம் 68 ஆட்டம். அப்புறம், 64க்குப் பதில் 50 பேர் என்றால்? மூன்றாமவர் வேண்டுமென்றால்? பிள்ளை திணறும் இடம் வரும்வரை இப்படியே போகும். திணறினால் போச்சு என்று நினைக்காதீர்கள். அங்கே கிடைக்கும் குறிப்பைப் பிடித்துக்கொண்டு மேலே நகர்கிறாரா என்றுதான் பார்க்கிறார்கள்.

நம் பிள்ளைகளுக்குச் சிக்கலே இங்கேதான். விடை உறுதியாகும்வரை வாய் திறக்காமல் இருப்பதுதான் மரியாதை என்று பழகியிருக்கிறோம். நேர்காணலில் இரண்டு நிமிட மௌனம் எதிரே இருப்பவருக்கு எதையும் சொல்லாது. "முதலில் 4 பேரை வைத்துப் பார்க்கிறேன்", "இந்த வழி சரிவராது போலிருக்கிறது, ஏனென்றால்..." என்று நினைப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். பேராசிரியர் சொன்னதில் சந்தேகம் வந்தால் கேட்கலாம், அதைத் திமிர் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இதற்குக் காசு கொடுத்து மாதிரி நேர்காணலுக்கு அனுப்ப வேண்டுமா? என்னைக் கேட்டால் வேண்டாம். ஆக்ஸ்போர்டின் பழைய எம்.ஏ.டி (MAT) கணித நுழைவுத் தேர்வுத் தாள்கள் இணையத்தில் இலவசம். அவற்றில் ஒரு நீண்ட கேள்வியை எடுத்து, தினமும் யாருக்காவது விளக்கட்டும். கணக்கே தெரியாத சித்தியாக இருந்தால் இன்னும் நல்லது, "அது ஏன்?" என்று அவர் விடாமல் கேட்பார். விண்ணப்பத்தில் எழுதிய புராஜெக்ட், புத்தகம் எல்லாவற்றையும் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். படிக்காத புத்தகத்தை எழுதியிருந்தால் மாட்டிக்கொள்வார்.

அன்றைக்கு வீட்டில் குக்கர் விசில் வேண்டாம். பல குடும்பம் சேர்ந்திருக்கும் வீடென்றால் பள்ளியில் ஓர் அறை கேளுங்கள், வழக்கமாகத் தருவார்கள். எழுதிக் காட்டும் ஒயிட்போர்டு மென்பொருளை முந்தைய நாளே திறந்து பழகிவிடட்டும். கோட்டு சூட்டு தேவையில்லை. பெற்றோர் பக்கத்தில் உட்காரவே கூடாது. நாடு மாறியதால் படிப்பு தடைப்பட்டிருந்தால், அதைப் பரிந்துரையில் குறிப்பிடும்படி செப்டம்பரிலேயே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.

கட்டணத்தையும் முன்கூட்டியே பாருங்கள். இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவர் கட்டணம் 2025-26இல் ஆண்டுக்கு 9,535 பவுண்டு. பொதுவாக அதற்கு மூன்று ஆண்டு வசிப்போடு நிரந்தரமாகத் தங்கும் உரிமையும் வேண்டும். வேலை விசாவில் வந்தவர்களின் பிள்ளைகள் பலருக்கு வெளிநாட்டுக் கட்டணம்தான் வரும், அது பல மடங்கு. அகதித் தகுதி கிடைத்தவர்களுக்கு விதி வேறு, மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆலோசனை தரும் யூ.கே.சி.ஐ.எஸ்.ஏ (UKCISA) அமைப்பின் தளத்தில் விசா வகைவாரியாக விளக்கம் இருக்கிறது. விண்ணப்பிக்கும் முன்பே குடும்பமாக உட்கார்ந்து படித்துவிடுங்கள்.