சாய்ந்த மரத்தில் மிஷின் வைக்கும் முன்

2018 நவம்பரில் கஜா அடித்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை தோப்புத் தோப்பாகச் சாய்ந்தது. செயின்சாவை அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தொட்டவர்கள் ஏராளம். கத்துக்குட்டியாக இருந்தபோது நான் செய்த அதே கூத்தைத்தான் அவர்களும் செய்தார்கள். இப்போதும் புயலுக்குப் புயல் நடக்கிறது. ஹெல்மெட், கண்ணாடி, பூட்ஸ் பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை. தெரிந்ததுதானே.

பாரம் எங்கே என்று பார்க்காமல் அறுப்பது

இதைக் கண்டால் இன்னமும் எரிச்சல் வருகிறது. விழுந்த மரம் எங்காவது வில் மாதிரி விறைத்துக்கொண்டுதான் கிடக்கும். இரண்டு முனையும் வரப்பில் தாங்கி நடுவில் பள்ளம் இருந்தால், மரத்தின் மேல்பக்கம் நெருக்குண்டு, அடிப்பக்கம் இழுபட்டு நிற்கும். மேலிருந்தே அறுத்துக்கொண்டு போனால் பாதியில் வெட்டுவாய் மூடி பாரை, அதாவது செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டை, கவ்விவிடும். மேலே மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, மிச்சத்தைக் கீழிருந்து மேலாக அறுக்க வேண்டும். ஒரு முனை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் அப்படியே தலைகீழ்: முதலில் அடியில் மூன்றில் ஒரு பங்கு, பிறகு மேலிருந்து. மாற்றிச் செய்தால் மரம் நீளவாக்கில் பிளக்கும்.

வாய்க்காலுக்குக் குறுக்கே கிடந்த ஒரு தென்னையில் இப்படித்தான் பார் மாட்டியது. "ரேஸ் குடுத்தா வந்துரும்ணே" என்றான் தம்பி. கிளட்சிலிருந்து புகைதான் வந்தது. அடுத்து கடப்பாரை போட்டு நெம்பினார்கள், பார் வளைந்தது. மிஷினை அணைத்துவிட்டு வெட்டுவாயில் ஆப்பு அடித்திருந்தால் வேலை முடிந்திருக்கும். வாடகை மிஷின் வேறு. பார், செயின், கிளட்ச் மூன்றுக்கும் தண்டம் அழுதார்கள்.

வேரோடு சாய்ந்த மரத்தில் பாரம் வேர்ப்பக்கமும் இருக்கிறது. அடிமரத்தை அறுத்ததும் மண்ணோடு நிற்கும் வேர்க்கட்டு திரும்பிக் குழியிலேயே உட்காரலாம். வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகள் நிற்கிற இடமும் பெரும்பாலும் அந்தக் குழிதான். முதலில் அவர்களை விரட்டுங்கள்.

பாரின் மூக்கு

நுனியின் மேல்பாதி எதிலும் படக் கூடாது. பட்டால் மிஷின் முகத்துக்கு எகிறும்.

மண்

சுழலும் செயின் தரையைத் தொட்டால் பல் போச்சு. தூள் சிராயாக வராமல் மாவாக வந்தால் நிறுத்தி அரம் போடுங்கள். மழுங்கிய செயினை அழுத்தி அறுப்பவர் அறுந்து முடிந்ததும் தடுமாறி முன்னால் விழுவார்.

ஆயில்

பெட்ரோலில் கலப்பது வேறு, செயினுக்கு ஊற்றுவது வேறு.

கரண்ட் கம்பி

மரத்தில் கம்பி பட்டுக் கிடந்தால் ஈபி ஆள் வந்து சொல்லும்வரை கை வைக்காதீர்கள். "ஊருக்கே கரண்ட் இல்லையே" என்பார்கள். எவர் வீட்டு ஜெனரேட்டராவது அந்தக் கம்பிக்குக் கரண்டைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கலாம்.