ஓட்டலில் கிடைக்காத சேலத்துச் சாப்பாடு

சேலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மாம்பழமும் தட்டுவடை செட்டும்தான். இரண்டும் எனக்கும் பிடிக்கும். ஆனால் தாதகாப்பட்டியில் எங்கள் வீட்டு அடுப்பில் வாரம் முழுக்க ஏறி இறங்குவது கொள்ளு, புளிச்சக்கீரை, ராகிக் களி, குச்சிக்கிழங்கு. பெங்களூருக்கும் ஓசூருக்கும் வேலைக்குப் போன எங்கள் தெருப் பிள்ளைகள், உடம்பு சரியில்லை என்றாலும் மனசு சரியில்லை என்றாலும் போன் போட்டுக் கேட்பது இவற்றைத்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் பாத்திரம். இந்தச் சமையலில் பாதி, மத்தால் கடைவது. மிக்சியில் அடித்தால் கொள்ளு பசை மாதிரி ஆகிவிடும், கீரை நுரைத்துப் பச்சை வாடை அடிக்கும். மத்தில் கடைந்தால் பாதி மசியும், பாதி நாக்கில் தட்டுப்படும். அந்தப் பாதிதான் ருசி. ஊரில் கிடைக்கும், மாக்கல்லில் குடைந்த கல்சட்டி ஒன்று வாங்கிவிடுங்கள். புதுச் சட்டியை நேரே அடுப்பில் வைத்தால் விரிசல் விட்டுவிடும். விளக்கெண்ணெயில் மஞ்சள்தூள் குழைத்து உள்ளும் புறமும் தடவி ஒரு நாள் விடுங்கள். கழுவிவிட்டு, சோறு வடித்த சூடான கஞ்சித் தண்ணியை ஊற்றி ஆறும்வரை வையுங்கள். ஒரு வாரம் தினமும் இப்படிக் கஞ்சி ஊற்றி எடுத்த பிறகு, சிறு தீயில் தண்ணீர் வைத்துப் பழக்குங்கள். பழகிய சட்டி அடுப்பை அணைத்த பிறகும் நெடுநேரம் தளதளவென்று கொதிக்கும். அதனால் எந்தக் குழம்பையும் கொஞ்சம் முன்னாலேயே இறக்குங்கள். கல்சட்டி கிடைக்காத ஊரில் கனமான மண்சட்டி போதும்.

கொள்ளில் ஒரே வேகலில் இரண்டு பதார்த்தம் வரும்: கடையலும் ரசமும். ஒரு கப் கொள்ளை முறத்திலோ தட்டிலோ பரப்பிக் கல் பொறுக்குங்கள். கொள்ளு நிறத்திலேயே கல் இருக்கும், அவசரப்பட்டால் பல்லுக்குக் கேடு. வெறும் வாணலியில் வறுங்கள். வாசம் கிளம்பி ஒன்றிரண்டு படபடவென்று வெடிக்கும்போது இறக்கி, கழுவி, இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் நாலு கப் தண்ணீரோடு குக்கரில் ஆறு விசில். உப்பு இப்போது போடாதீர்கள். விரலில் அழுத்தினால் தோல் கழன்று மாவாக நசுங்க வேண்டும். நசுங்கவில்லை என்றால் யோசிக்காமல் இன்னும் மூன்று விசில் விடுங்கள். பழைய கொள்ளு அப்படித்தான் அடம்பிடிக்கும்.

வெந்த தண்ணியை வடித்துத் தனியே வையுங்கள். அதைக் கொட்டிவிடுகிற வீடுகளைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். வாணலியில் கடலை எண்ணெய் இரண்டு ஸ்பூன், சீரகம் ஒரு ஸ்பூன், மல்லி ஒரு மேசைக்கரண்டி, வரமிளகாய் ஐந்து, பூண்டு ஆறு பல், சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, கறிவேப்பிலை. வெங்காயம் சிவந்ததும் ஒரு தக்காளி. எல்லாம் வதங்கியதும் கொள்ளோடு சட்டியில் போட்டு, உப்புச் சேர்த்துக் கடையுங்கள். மத்தைச் சட்டியின் ஓரத்தில் சாய்த்து அழுத்தித் திருப்பினால் மிளகாய்த் தோலும் மல்லியும் கூட மசியும். இறுகினால் அந்த வடிதண்ணியிலேயே ஒரு கரண்டி விடலாம். சுடுசோறு, நல்லெண்ணெய், கடையல். தொட்டுக்கொள்ள அப்பளம் போதும்.

மிச்ச வடிதண்ணி ரசத்துக்கு. இரண்டு கப் தண்ணிக்குச் சிறு நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்துவிட்டு, கடையலில் ஒரு ஸ்பூன் எடுத்துக் கலக்குங்கள். மிளகும் சீரகமும் ஒவ்வொரு ஸ்பூன், பூண்டு நாலு பல், உரலில் ஒன்றிரண்டாக இடித்துப் போடுங்கள். முடிந்தால் ஏற்காட்டு மிளகாக இருக்கட்டும். அங்கே காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்களில் கொடி ஏறி விளைவது, காரம் தொண்டையில் நின்று பேசும். கடுகு, கறிவேப்பிலை தாளித்து ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டி எழும்பும்போது அணைத்துவிடுங்கள். கொதிக்க விட்டால் மணம் ஆவியோடு போய்விடும். சளி பிடித்த பிள்ளைக்கு இதைத் தம்ளரில் ஊற்றிக் கொடுங்கள்.

புளிச்சக்கீரைக்கு வேலை குறைவு. உழவர் சந்தையில் காலை வெயில் ஏறுவதற்குள் போனால் வாடாத கட்டு கிடைக்கும். சிவப்புத் தண்டு உள்ளது புளிப்பு அதிகம், அதைத்தான் நான் எடுப்பேன். இலையை மட்டும் ஆய்ந்து, சின்ன வெங்காயம் பதினைந்து, பச்சை மிளகாய் ஆறு, பூண்டு, மல்லி ஒரு ஸ்பூன் எல்லாவற்றையும் சட்டியில் ஒன்றாகப் போட்டு அரை தம்ளர் தண்ணீர். பத்து நிமிடத்தில் இலை பச்சை மாறிக் காக்கி நிறத்துக்கு வந்துவிடும். உப்புப் போட்டுக் கடைந்து, கடுகு, உளுத்தம்பருப்பு, வரமிளகாய், கொஞ்சம் வெங்காயம் தாளித்துக் கொட்டுங்கள். எண்ணெய் தாராளமாக இருக்கட்டும், புளிப்பைத் தாங்க அது வேண்டும். அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் செய்யாதீர்கள், புளிப்பு உலோகத்தைத் தின்னும்.

இந்தக் கீரையும் களியும் பிறந்ததே ஒன்றுக்கொன்று என்பேன். களிதான் பிள்ளைகளைப் பயமுறுத்துவது. போன மாதம் மகள் பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள்.

“அம்மா, கட்டி கட்டியா வருதும்மா.”

“மாவைக் கொட்டின உடனே கிண்டுனியா கண்ணு?”

“ஆமா, அடிப்பிடிக்குமேன்னு.”

“அதான்.”

கொட்டியவுடன் கிண்டினால் மாவு உருண்டையின் மேல்தோல் வெந்து மூடிக்கொள்ளும், உள்ளே தண்ணீர் போகாது. அதுதான் கட்டி. செய்ய வேண்டியது இது: அரை கப் நொய்யரிசியை ஐந்தரைக் கப் தண்ணீரில் உப்புப் போட்டுக் குழைய வேகவிடுங்கள். தீயைக் குறைத்து, இரண்டு கப் ராகி மாவை நடுவில் மலைபோல் குவியுங்கள். தொடாதீர்கள். கரண்டிக் காம்பால் குவியலின் நடுவே அடிவரை ஒரு துளை போடுங்கள். அந்தத் துளை வழியாகக் கஞ்சி குபுகுபுவென்று மேலே வந்து மாவை நனைக்கும். மூடிவைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு அடுப்பை விட்டு இறக்கி, பாத்திரத்தைத் துணியால் பிடித்துக்கொண்டு, களி கிண்டும் கட்டையால் ஓரத்தில் அழுத்தி அழுத்திக் கிண்டுங்கள். இங்கே தோள் வேலை செய்ய வேண்டும். எங்கள் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, பானையைத் தரையில் வைத்து, இரண்டு பாதத்தாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு கிண்டும். காய்ந்த மாவு எங்கும் தெரியாமல் ஒரே கருஞ்சிவப்பாக வந்ததும், மறுபடி சிறு தீயில் ஐந்து நிமிடம். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது. ஒட்டினால் இன்னும் வேகவில்லை. தண்ணீர் தெளித்த கிண்ணத்தில் போட்டு உருட்டித் தட்டில் கவிழ்த்துவிடுங்கள். சாப்பிடும்போது மெல்ல வேண்டியதில்லை. பிட்டு, நடுவில் குழித்து, குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டியதுதான். கீரை, கருவாட்டுக் குழம்பு, மார்கழி தையில் பச்சை மொச்சைக் குழம்பு, மூன்றும் பொருத்தம்.

சேர்வராயன் மலைக் கிராமங்களில் ராகியோடு சாமையும் விளைகிறது. அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் பழைய சாப்பாடு அது. அரைமணி நேரம் ஊறவைத்து, ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் வைத்துச் வடிக்காமல் சோறாகப் பொங்கினால், மேலே சொன்ன கொள்ளு ரசத்துக்கு அரிசிச் சோற்றைவிட நன்றாக இருக்கும்.

கடைசியாகக் குச்சிக்கிழங்கு. மரவள்ளியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஆத்தூர், வாழப்பாடி பக்கத்துக் காடெல்லாம் இதுதான், ஆனால் பெரும்பகுதி ஜவ்வரிசி ஆலைக்குப் போய்விடுகிறது. ஜவ்வரிசி உற்பத்தியாளர்களுக்கு 1981-லேயே சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது, 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தக் கிழங்கு வீட்டுத் தோசைக்கல்லுக்கும் கொஞ்சம் வர வேண்டும் என்பது என் ஆசை.

கிழங்கை உடைத்துப் பார்த்து வாங்குங்கள். உள்ளே பால் வெள்ளையாக இருக்க வேண்டும். நீலமும் கறுப்புமாகக் கோடு ஓடியிருந்தால் தோண்டிச் சில நாள் ஆகிவிட்டது, வேண்டாம். மேல்தோலோடு அதன் கீழே உள்ள தடித்த பட்டையையும் உரித்தே ஆக வேண்டும். கிழங்கில் இருக்கும் நச்சுச்சத்து பட்டையில்தான் அதிகம். இதைப் பச்சையாகத் தின்னக் கூடாது, கசக்கும் கிழங்கை அப்படியே எறிந்துவிடுங்கள்.

இந்தக் கிழங்கில் அடை சுட, ஒன்றரைக் கப் இட்லி அரிசியை மூன்று மணி நேரம் ஊறவைத்து, ஆறு வரமிளகாய், சோம்பு, பூண்டு, உப்போடு கொரகொரப்பாக அரையுங்கள். அரைக் கிலோ கிழங்கின் நடு நரம்பை நீக்கித் துருவி, அதோடு சேர்த்து ஒரு சுற்று விடுங்கள். நறுக்கிய சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, தேங்காய்த் துருவல் கலந்து உடனே சுடலாம், புளிக்க வைக்க வேண்டாம். தோசைக்கல்லில் ஈரக் கையால் மெல்லிசாகத் தட்டி, சுற்றிலும் எண்ணெய் விட்டு மூடிவையுங்கள். சிறு தீ முக்கியம். மேலே சீக்கிரம் சிவந்து ஏமாற்றும், நடுவில் கிழங்கு வெந்து கண்ணாடி மாதிரி ஆகிவிட்டதா என்று ஒன்றைப் பிட்டுப் பார்த்துவிட்டு மற்றதைச் சுடுங்கள். இதற்குச் சட்னி தேவையில்லை, ஒரு துண்டு வெல்லம் போதும்.