வலி இல்லையென்றால் நோய் இல்லை என்று நம்பும் ஆண்கள்

ஆண்கள் உடல்நலத்தில் செய்யும் தவறுகளில் முதலாவதாக நான் சொல்ல விரும்புவது புகையையோ மதுவையோ அன்று. "எனக்கென்ன, நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று பரிசோதனையை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடும் பழக்கத்தைத்தான். உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமலேயே இதயத்தையும் மூளையையும் சிறுநீரகங்களையும் கெடுத்துவருகிறது. வெவ்வேறு நாள்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால், தலைவலியோ மயக்கமோ இல்லாவிட்டாலும் அது நோய்தான். மாத்திரை தொடங்கி அளவு இறங்கியதும் தாமாகவே நிறுத்திவிடுவோர் பலர். அளவு இறங்கியதே அந்த மாத்திரையால்தான் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

புகைப்பவர்கள் "குறைத்துவிட்டேன்" என்று ஆறுதல் அடைவதும் இத்தகையதே. நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும், 20 சிகரெட் பிடிப்பவருக்கு வரும் கூடுதல் இதயநோய் ஆபத்தில் ஏறத்தாழப் பாதி இருக்கிறது. முழுமையாக விட்டுவிட்டாலோ, அந்தக் கூடுதல் ஆபத்து ஓராண்டிலேயே பாதியளவுக்குக் குறைந்துவிடும். எனவே குறைப்பது நிறுத்துவதற்கான வழியாக இருக்கலாமே தவிர, அதுவே முடிவாக இருக்கக் கூடாது.

தூக்கம் வரவேண்டும் என்று மது அருந்துவது இன்னொரு தவறு. மது விரைவில் கண்ணயரச் செய்தாலும் பின்னிரவுத் தூக்கத்தைக் கலைத்துவிடும். தொண்டைத் தசைகளைத் தளர்த்துவதால் குறட்டையும் மூச்சுத் தடையும் கூடும். குறட்டைக்கிடையே மூச்சு நின்று நின்று வருவதாக உடன் உறங்குபவர் சொன்னால், அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஆண்கள் வெட்கப்பட்டு மறைக்கும் விறைப்புக் குறைபாட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. ஆணுறுப்புக்குச் செல்லும் தமனிகள் இதயத் தமனிகளைவிடக் குறுகலானவை. ஆகவே இரத்தக் குழாய்களில் கொழுப்பு படியத் தொடங்கும்போது அதன் விளைவு பலருக்கு இங்கேதான் முதலில் தெரிகிறது. மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே வரக்கூடிய இந்த எச்சரிக்கையை மனக்கவலை என்றோ வயது என்றோ ஒதுக்கிவிட்டு, யாருக்கும் தெரியாமல் மாத்திரை வாங்கி விழுங்குவது இருமடங்கு தவறு. சர்க்கரையும் கொழுப்பும் இரத்த அழுத்தமும் அளக்கப்படாமலே போகின்றன. அதோடு, நெஞ்சுவலிக்காக நைட்ரேட் மருந்து எடுப்பவர் விறைப்புக்கான சில்டெனாபில் போன்ற மாத்திரையைச் சேர்த்து உட்கொண்டால், இரத்த அழுத்தம் சட்டென்று வீழ்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

உடற்பயிற்சிக்கு நேரமில்லை என்பவர்கள், வாரத்துக்கு 150 நிமிட வேகநடையைப் பகுதி பகுதியாகப் பிரித்தும் முடிக்கலாம்.

கடைசியாக, நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் இடக்கை அல்லது தாடை வரை பரவும் வலியும் வரும்போது, வாயுத் தொல்லை என்று எண்ணி விடியும்வரை பொறுத்திருப்பதும், தாமே வண்டியை ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்வதும் கூடாது. இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கும் நேரம் அது. உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.